மண்டபத்துக் கடற்கரையில் ஒரு போலோ ஜிடி: வைத்துக்கொள்வதா, விற்பதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2016 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், 78,000 கிலோமீட்டர் ஓடியது, வீடு மண்டபத்தில். ஆறு ஆண்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை: ரீமேப் (இன்ஜின் கணினியின் நிரலை மாற்றிப் பலத்தைக் கூட்டுவது), பெட்டி இல்லாத திறந்த ஏர் ஃபில்டர், ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட், வண்டியைத் தாழ்த்துகிற ஸ்பிரிங், 17 இன்ச் அலாய் சக்கரம். இப்போது கைக்குழந்தை இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிந்து ஏறி இறங்க முடியவில்லை. உயரமான வண்டி ஒன்று வாங்குவது முடிவாகிவிட்டது. போலோவை ஷெட்டில் நிறுத்தி வைக்கலாமா, விற்பதென்றால் போட்டதையெல்லாம் கழற்றிவிட்டு விற்பதா, அப்படியே கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் "விற்க மனசு வரல" என்று மூன்று இடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், நீங்கள் கேட்க வந்தது வேறு என்று எனக்குப் படுகிறது. ஓட்டாமல், ஆசைக்காக வைத்திருந்தால் இந்தக் கார் பிழைக்குமா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றது தானாக முடிவாகும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் ராலி கார்களும் ரேஸ் கார்களும் தயார்செய்கிற பட்டறையில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தேன். பிறகு ராமநாதபுரத்தில் சொந்தப் பட்டறை போட்டுப் பதினான்கு ஆண்டு ஆகிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்து வண்டிகள்தான் அதிகம் வருகின்றன. உங்கள் காரை நான் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

உறுதியானது இது: நம் கடற்கரையில் நிற்கிற கார்தான் ஓடுகிற காரைவிட வேகமாகக் கெடும். மழையில் நனைந்தால்தான் துரு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் காற்றில் வருகிற உப்புத்தூள் தகட்டில் படிந்த பிறகு மழையே தேவையில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத அளவு ஈரமே போதும். மண்டபத்தில் எந்த ராத்திரி அதைவிடக் காய்ந்திருக்கிறது? அதாவது மூடிய ஷெட்டுக்குள் நிற்கும்போதும் காரின் அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். அதிலும் உங்கள் ஊர் இரண்டு கடலுக்கு நடுவில் கிடக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்கடல் உப்பைக் கொண்டுவரும். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று வடகடல் உப்பைக் கொண்டுவரும். ஓய்வு நாளே கிடையாது.

இதை நான் பெரிதாக்கிச் சொல்லவில்லை. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே உங்கள் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. 1914 முதல் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் பெயின்ட் அடிக்கிற வேலை ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில் பாலத்துக்கே அந்தப் பாடு. கார்த் தகட்டின் மேல் இருக்கும் பெயின்ட்டோ, எல்லா அடுக்கையும் சேர்த்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

என்னிடம் ஒரு ஃபியட் பாலியோ 1.6 இருந்தது. 100 குதிரைத்திறன், அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் அந்த இன்ஜின் மாதிரி இழுத்தது வேறெதுவும் இல்லை. கோயம்புத்தூரில் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. கேம் மாற்றி, ஹெட்டை நானே இழைத்து, இரவு இரவாக உட்கார்ந்து கட்டினேன். பட்டறை போட்ட புதிதில் அதைத் தொட நேரமில்லை. பாம்பனில் அக்கா வீட்டுக் கொட்டகையில் நல்ல கவர் போட்டு நிறுத்தினேன். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன், மச்சானும் செய்தார். மூன்றாண்டு கழித்து இறக்கிப் பார்த்தபோது டிரைவர் கால்வைக்கும் இடத்தில் தரை கையோடு வந்தது. பிரேக் பைப் இரண்டு இடத்தில் ஊறிக் கசிந்தது, பெட்ரோல் டேங்க்கைத் தாங்கும் பட்டை அறுந்து தொங்கியது. இன்ஜின் மட்டும் பழுதில்லாமல் இருந்தது, அதுதான் எனக்குப் பெரிய வேதனை. இன்ஜினை விற்றேன், பாடியை எடைக்குப் போட்டேன். கவர்தான் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். இங்கே கவர் உப்பையும் ஈரத்தையும் உள்ளேயே பூட்டி வைக்கும். காற்றடிக்கும்போது துணிக்கு அடியில் போன மணல் பெயின்ட்டை உரசும். இந்தத் தொழிலில் இருந்துகொண்டே அப்படிச் செய்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, உங்கள் கார். போலோவின் வெளித்தகடு நல்ல தகடு, கதவிலும் பானெட்டிலும் துரு வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. உப்பு கடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களை: முன் சப்ஃபிரேம் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் இரும்புச் சட்டகம்), சஸ்பென்ஷனின் கீழ் ஆர்ம், பிரேக் பைப் கிளிப், ஏசி கண்டென்சர், எர்த் ஒயர் போல்ட். இதில் நீங்கள் மாற்றியவை ஒவ்வொன்றும் கடலோரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்போம். ஏனென்றால் மாற்றம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. கோவையில் நல்லதாக இருப்பது தனுஷ்கோடி ரோட்டில் காரைக் கொல்லும்.

முதலில் கழற்ற வேண்டியது திறந்த ஏர் ஃபில்டர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரிச்சல்முனை ரோட்டில் கச்சான் வீசும்போது தார் ரோட்டின் மேல் மணல் பாம்பு மாதிரி ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் காற்றைத் தாராளமாக விடும், நுண்ணிய மணலையும் கூடவே விடும். அந்த மணல் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போவின் இறக்கை விளிம்பைத் தேய்க்கும், பிறகு சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். போதாததற்கு, பெட்டி இல்லாத ஃபில்டர் இன்ஜின் ரூமின் சூடான காற்றைத்தான் இழுக்கிறது. சத்தம் கூடும், பலம் கூடாது. கம்பெனி கொடுத்த பெட்டியையும் காகித ஃபில்டரையும் திரும்ப மாட்டி, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் நறநறவென்று மணல் வந்தால் டர்போவை ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

ரீமேப் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கம்பெனி கொடுத்தது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ரீமேப்புக்குப் பிறகு 220 நியூட்டன் மீட்டர் என்று சொன்னார்கள் என்கிறீர்கள். உங்கள் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் 7 கியர், டிரை கிளட்ச் இரண்டு உள்ள வகை. அதன் தாங்குதிறன் 250 நியூட்டன் மீட்டர். கணக்குப்படி உள்ளேதான் இருக்கிறது. ஆனால் கிளட்ச் கெடுவது முழு வேகத்தில் மட்டுமில்லை, ஊர்ந்து போகும்போதும்தான். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போகிற கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, பாம்பன் ரோடு பாலத்தின் இரண்டேகால் கிலோமீட்டரை முக்கால் மணி நேரம் ஊர்ந்து கடந்திருப்பீர்களே, அந்த நேரத்தில் கிளட்ச் அரைப்பிடியில் உரசிக்கொண்டே இருக்கும். எண்ணெயில் மூழ்காத கிளட்ச், சூடு போக வழியில்லை. அந்த மாதிரி கூட்டத்தில் முன் வண்டிக்கு இடம் விட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி நின்று, இடம் வந்ததும் ஒரே மூச்சில் நகருங்கள். ரீமேப்பால் உங்கள் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுக்கம் இருந்தால் தேய ஆரம்பித்திருக்கிறது என்பேன். அப்புறம், பெட்ரோல். உங்கள் ரீமேப் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால், இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் தீப்பொறியின் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். செலவழித்து ஏற்றிய பலம் திரும்ப இறங்கிவிடும், சூடு மட்டும் மிஞ்சும். இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2016 கார் அதற்காக வடிவமைத்ததல்ல. எத்தனை ஆண்டில் அதன் ரப்பர் குழாய்கள் பாதிக்கும் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது உறுதி. பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று சொல்ல அது ஒன்றே போதும்.

ஸ்பிரிங்கும் 17 இன்ச் சக்கரமும் சேர்ந்தே வரும் தொல்லை. தாழ்ந்த வண்டியின் வயிறு ஸ்பீட் பிரேக்கரில் உரசும். உரசிய இடத்தில் பூச்சு போகும். பூச்சு போன இடத்தில் மறுநாளே உப்பு குடியேறும். ஸ்பிரிங்கின் அடிச்சுற்றும் கவனிக்க வேண்டிய இடம், அங்கே மணலும் உப்பும் தேங்கித் துருவேறி ஒருநாள் படாரென்று உடையும். 17 இன்ச் சக்கரத்துக்குப் போடும், பக்கச்சுவர் குட்டையான டயரோ நம் மாவட்டத்துக்கு ஒத்தே வராது. சீமைக்கருவேல முள் எந்த டயரையும் துளைக்கும். ஆனால் டயரின் சுவர் உயரமாக இருந்தால் காற்று இறங்குவது தெரிந்து ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். குட்டைச் சுவர் டயரில் அதற்குள் ரிம் தரையைத் தொட்டுவிடும். தேவிபட்டினம், உப்பூர் பக்கம் ராத்திரியில் அப்படி நின்றவர்களை நான் போய் ஏற்றி வந்திருக்கிறேன். எக்ஸாஸ்ட்டைப் பொறுத்தவரை ஒரே கேள்வி, புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா? அதற்குப் பின்னால் மட்டும் குழாயை மாற்றியிருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. கன்வெர்ட்டரையே எடுத்திருந்தால் திரும்பப் போட்டாக வேண்டும். கழற்றிய பட்டறையில் பழைய கன்வெர்ட்டரை இன்னும் வைத்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம் இருப்பதால் அது யார் கையிலும் வெகுநாள் தங்காது.

வைத்துக்கொள்வதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒளிக்காமல் சொல்கிறேன், முடியுமா என்று நீங்களே பாருங்கள். வாரம் ஒருமுறையாவது முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விடுவதால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம். எக்ஸாஸ்ட்டுக்குள் நீர் தேங்கும், எண்ணெயில் பெட்ரோல் கலக்கும், பிரேக் டிஸ்க்கின் துரு உதிராது. ஓட்டி வந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கம் போர் தண்ணீரே உப்பு. அதில் கார் கழுவுவது உப்பின் மேல் உப்பைத் தேய்ப்பதுதான். குடிதண்ணீரை வண்டியில் விலைக்கு வாங்கும் ஊரில் காருக்கு எங்கே போவது என்பீர்கள். வயலில் மருந்தடிக்கிற 16 லிட்டர் முதுகு ஸ்பிரேயர் புதிதாக ஒன்று வாங்கி, மாடியில் பிடித்த மழைத் தண்ணீரை ஊற்றி, மூக்கை வளைத்து அடியில் அடியுங்கள். ஒரு டேங்க் போதும். என் பட்டறையில் இதைத்தான் செய்கிறோம். ரேடியேட்டரிலும் போர் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், வடிநீரில் கலந்த கூலன்ட் மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை சக்கரங்களைக் கழற்றி, அவை பொருந்தும் இரும்பு ஹப்பையும் அலாயையும் சுத்தம் செய்து லேசாகக் கிரீஸ் தடவ வேண்டும். இல்லாவிட்டால் அலுமினியமும் இரும்பும் உப்பில் ஒட்டிக்கொண்டு, பஞ்சர் ஆன அன்று சக்கரம் வராது. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கட்டை வைத்து நிறுத்துங்கள், போட்டால் பின் சக்கர டிரம்முக்குள் பிரேக் லைனிங் ஒட்டிக்கொள்ளும். அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கிறேன் என்று யாராவது வந்தால், துருவை முழுதாகச் சுரண்டிய பிறகா என்று கேளுங்கள். துருவுக்கு மேலேயே அடித்தால், உள்ளே அரிப்பது வெளியே தெரியாமல் போவதுதான் மிச்சம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு, வாரந்தோறும் இதைச் செய்ய முடியும் என்று உங்களுக்கே நம்பிக்கை இருந்தால் வையுங்கள், நான் சந்தோஷப்படுவேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் இப்போதே விற்றுவிடுங்கள். போலோ உற்பத்தியே 2022இல் நின்றுவிட்டது. தேடி வாங்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு வாடைக்காலம் ஷெட்டில் நின்ற பிறகு அதே ஆள் அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

கழற்றி விற்பதா, அப்படியேவா? கழற்றிவிட்டு விற்பதே நல்லது, மூன்று காரணம். முதலாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. டயர் அளவு மாதிரி சின்ன விஷயங்களில் அதிகாரிக்கு அதிகாரி அணுகுமுறை மாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதை நம்பி இருக்க முடியாது. இரண்டாவது, இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் சொந்தச் சேதத்துக்கான க்ளெய்ம் சிக்கலாகும். மூன்றாவது, பணம். போட்ட பொருளுக்கு வாங்குபவர் தனியாக விலை தரமாட்டார். எக்ஸாஸ்ட், அலாய், ஸ்பிரிங்கைத் தனித்தனியாக விற்றால் ஓரளவு திரும்பும்.

ஆனால் ரீமேப்பை எடுத்துவிட்டு, இருந்ததே இல்லை என்று சொல்லி விற்காதீர்கள். இன்ஜின் கணினியான இசியுவில் எழுதிய தடம் இருக்கும், கம்பெனி ஸ்கேனரில் தெரிய வாய்ப்புண்டு. தெரியாவிட்டாலும், வாங்குகிறவர் அந்த கியர்பாக்ஸை எப்படி ஓட்ட வேண்டும் என்பதற்கு அந்த விவரம் அவருக்கு வேண்டும். எந்த ஆண்டு போட்டது, எத்தனை கிலோமீட்டர் அப்படி ஓடியது, எண்ணெய் எப்போதெல்லாம் மாற்றியது என்று ஒரு தாளில் எழுதி, பில்களோடு கொடுங்கள். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்து அந்தத் தாளையும் வையுங்கள். கார் தெரிந்தவர் அதைப் பார்த்த பிறகு பேரம் பேசுவது குறையும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கக் கூடாது. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வேகமாகப் போகிற வண்டியை விற்கும்போது இதன் பொருள் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29ஐ விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், பெயர் மாற்றம் கோரும் படிவம் 30ஐயும் சேர்த்தே முடியுங்கள். லோன் இருந்து கட்டி முடித்திருந்தால் படிவம் 35 கொடுத்து அடமானக் குறிப்பை முதலில் நீக்குங்கள். உங்கள் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காக இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியில் சான்று வாங்கிப் புது வண்டிக்குப் பயன்படுத்துங்கள்.

புது வண்டியில் எதையும் மாற்றாதீர்கள், அம்மா ஏறி உட்காரும் உயரம், பின் சீட்டில் குழந்தை இருக்கை பூட்டும் கொக்கி, ஆறு ஏர்பேக், இவ்வளவு பார்த்து எடுங்கள். ஓட்டும் ஆசை தீரவில்லையென்றால் அதற்கு இடம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் காரி ஸ்பீட்வே, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, இரண்டும் ரேஸ் டிராக். ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய் ஓட்டுங்கள். தனுஷ்கோடி ரோட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓட்டியதாக எழுதியிருந்தீர்களே, அது இனி வேண்டாம். அந்த நேர்ரோட்டில் மணல் எங்கே குவிந்திருக்கும் என்று நேற்று போனவருக்கும் தெரியாது. மீனவர்கள் அந்த நேரத்தில்தான் கடலுக்குப் போவார்கள், வருவார்கள்.

யாருக்கு விற்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கீழக்கரைக்காரர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குத் திரும்பும்போது தன் ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ்ஸை என்ன செய்வது என்று கேட்டார். உள்ளூரில் கூடுதலாகத் தர ஆள் இருந்தும், என் பேச்சைக் கேட்டு திண்டுக்கல்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். அந்தக் கார் இன்றும் ஓடுகிறது, ராமேஸ்வரம் கோயிலுக்கு வரும்போதெல்லாம் என் பட்டறையில் நின்றுவிட்டுப் போகும். போன முறை லிஃப்டில் ஏற்றி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், சப்ஃபிரேமில் கம்பெனி பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருந்தது. உங்கள் போலோவுக்கும் திருச்சி, மதுரை, கோவை பக்கத்து ஆள் வந்தால் விலையில் பத்தாயிரம் குறைத்தாவது அவரிடமே கொடுங்கள். கொண்டுபோகும் முன் ஒருமுறை ராமநாதபுரம் வழியாக வரச் சொல்லுங்கள், அடியை நல்ல தண்ணீரில் கழுவி அனுப்புகிறேன்.